வழித்தெடுத்த ஆறு வாய்ப்பாடு

ஊமத்தம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அந்த ஊரில் இருக்கிற ஒரே கோளாறு அதுதான். ஒருமுறை மருத்துவ முகாமுக்கு வந்த நர்ஸம்மா, "தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு மடமடவென்று குடித்தது. பத்து நாளைக்கு அங்கே யார் பேசினாலும் யாருக்கும் புரியவில்லை. ஆறவைத்துக் குடிக்கும்படி நர்ஸம்மா சொல்லவில்லையே, அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. பதினேழு பிள்ளைகள், ஒரே டீச்சர். பெயர் ஜெசிந்தா. பள்ளிக்கு நேர் எதிரே தவசிமுத்துவின் சைக்கிள் கடை. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கடை பக்கத்தில் இருப்பதால் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தவசிமுத்துவின் மகள் இளவஞ்சி மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாட்டில் புலி. ஒன்றிலிருந்து பதினாறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அந்தக் குரல் சன்னல் வழியாகச் சாலையைத் தாண்டிக் கடைக்குள் வரும். தவசிமுத்து பஞ்சரான டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். பதினாறாம் வாய்ப்பாடு முடியும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். அவர் இரண்டாம் வாய்ப்பாட்டிலேயே பாதி வழியில் நின்றுவிடுகிற ஆள். பெற்ற மனசு அல்லவா, பூரித்துப் போவதில் தப்பில்லை.

அரையாண்டு விடுமுறை விட்ட அன்று ஜெசிந்தா டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை.

"அண்ணே, பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு அதிகாரியம்மா பார்க்க வர்றாங்க. இங்க பிள்ளைங்க கம்மி, ஆலங்கொம்பு பள்ளிக்கூடத்தோட சேர்த்திரலாமான்னு மேல யோசிக்கிறாங்களாம். நம்ம பிள்ளைங்க இதுல சொல்லியிருக்கிற தரத்துல இருந்தாப் பிழைச்சோம். கூட்டம் போட்டு இதை வாசிங்க. லீவுல பிள்ளைங்களைக் கொஞ்சம் தயார் பண்ணி வைங்க."

டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டார். தவசிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆலங்கொம்பு நாலு கிலோமீட்டர். மகள் அங்கே போய் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னால் இங்கே எப்படிக் கேட்கும்? அவள் எவ்வளவுதான் சத்தமாகச் சொன்னாலும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை வேறு இருக்கிறது.

அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது. வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் தவசிமுத்து ஒன்று. ரைஸ் மில்லில் நெல் அளக்கும் மாரநாடு இரண்டு. ஊரில் எந்தச் சிக்கலுக்கும் அவர் சொல்தான் முடிவு, ஏனென்றால் அவர் எதையும் சட்டென்று சொல்ல மாட்டார். டீக்கடை ஒய்யம்மாள் மூன்று. அவள் மகன் பாலுச்சாமியும் மூன்றாம் வகுப்புதான். அந்த வகுப்பில் மொத்தமே இளவஞ்சியும் பாலுச்சாமியும்தான்.

தவசிமுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "தரம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்திருக்க வேண்டும். அதை எப்படிக் கற்பிப்பது என்பது அந்தந்தப் பள்ளியின் விருப்பம்."

மாரநாடு கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று ஒய்யம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாப் பள்ளிக்கும் பொதுன்னு போட்டிருக்கான். அப்படின்னா எல்லாப் பள்ளிக்கூடமும் ஒண்ணுபோல இருக்கணும்னு அர்த்தம். மொதல்ல ஆலங்கொம்புல என்ன இருக்குன்னு பார்த்துட்டு வருவோம்."

மறுநாள் காலையில் மூவரும் கயிறும் கரித்துண்டுமாக ஆலங்கொம்புக்குப் போனார்கள். அங்கே விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். வாசலில் வேப்ப மரம். சுற்றுச்சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. அதன் வழியே உள்ளே வந்து வராந்தாவில் படுத்திருக்கும் ஆடுகள் மூன்று, அதில் ஒன்று கறுப்பு.

ஊமத்தம்பட்டிப் பள்ளியின் வாசலில் நிற்பதோ புங்க மரம். ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கி, வேப்பங்கொப்புகளை ஒடித்து வந்து புங்க மரத்தில் கட்டினார்கள். சுவரை உடைப்பதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. பாழாய்ப்போன கொத்தனார் நல்ல சிமெண்டாகப் போட்டுக் கட்டியிருந்தான். ஆடுகளுக்குக் குறையில்லை, ஒய்யம்மாளிடமே மூன்று இருந்தன. ஒன்றுகூடக் கறுப்பு இல்லை என்பதால் ஒன்றுக்கு மட்டும் டீக்கடை அடுப்புக் கரியைப் பூசினார்கள். அது போகிற வருகிறவர் வேட்டியிலெல்லாம் உரசிக்கொண்டு திரிந்தது.

"எல்லாம் சரி. அங்க பாடம் நடத்துறது வழுக்கைத் தலை சாரு. இங்க நம்ம டீச்சருக்கு இடுப்பு வரைக்கும் முடி இருக்கே?" என்று கேட்டாள் ஒய்யம்மாள்.

தவசிமுத்து கயிற்றை எடுத்துத் தன் தலையிலிருந்து இடுப்பு வரை அளந்து பார்த்தார்.

"அதை டீச்சர் வந்ததும் பதமா எடுத்துச் சொல்லிக்கிருவோம்," என்றார் மாரநாடு.

கட்டடம் முடிந்தது. அடுத்து வாய்ப்பாடு. பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொன்னார்கள். பாலுச்சாமி நாலாம் வாய்ப்பாட்டோடு நின்று, மேற்கொண்டு போக வழியில்லாமல் ஆட்டைப் பார்த்தான். இளவஞ்சி பத்தைத் தாண்டி, பதினொன்றைத் தாண்டி, பதினாறு வரை போய்த்தான் நின்றாள். தவசிமுத்து வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாரநாட்டின் முகம் மட்டும் இருண்டுபோனது.

"தவசி, உம்மக பதினாறு வரைக்கும் சொல்லுதாளே?"

"ஆமா மாமா! கேட்டீகளா?"

"கேட்டேன். அதான் இடிக்குது. பத்து வரைக்கும்னுதானே போட்டிருக்கான்? ஆறு கூட இருக்கே."

"கூட இருந்தா நல்லதுதானே மாமா?"

மாரநாடு சிரித்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. "நான் முப்பது வருசமா மரக்காலு பிடிக்கிறவன். நெல்லை அள்ளினா மேல கூம்பா நிக்கும். அப்படியே கொட்டினா அது அளவா? கையால தலையை வழிச்சு விட்டாத்தான் ஒரு மரக்கா. கூடக் கிடந்தாலும் அளவு தப்பு, கொறஞ்சு கிடந்தாலும் அளவு தப்பு. உம்மக தலை வழிக்காத மரக்கா."

நியாயம் நியாயம்தானே. தவசிமுத்து மகளைப் பார்த்தார், அவள் தலையைப் பார்த்தார், அதில் கூம்பாக நிற்கிற ஆறு வாய்ப்பாட்டையும் மனக்கண்ணில் பார்த்தார்.

அப்போதுதான் ஒய்யம்மாள் கையைத் தட்டினாள். "அண்ணே! வஞ்சிகிட்ட ஆறு கூட. எம்பயகிட்ட ஆறு கொறைச்சல். வழிச்சதை இவன் மேல கொட்டினா ரெண்டு பேருக்கும் பத்து பத்து!"

கூட்டத்தில் அப்படியொரு நிம்மதி பரவியது. கல்வித்துறையே உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது என்று மாரநாடு சொன்னார். ஆனால் ஒய்யம்மாளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் மிச்சமிருந்தது.

"அவனுக்கு வேண்டியது அஞ்சுலேருந்து பத்து வரைக்கும். அதையே குடுக்கலாமே?"

"அதைக் குடுத்தா வஞ்சிக்கு நடுவுல பள்ளம் விழுந்திரும் தாயி. மேல நிக்கிறதைத்தான் வழிக்கணும். மரக்காலுக்குள்ள கையை விடப்படாது. பதினொண்ணுலேருந்து பதினாறு. எண்ணிப் பாரு, ஆறு இருக்கா இல்லையா?"

எண்ணிப் பார்த்தார்கள். இருந்தது.

அன்று இரவு தவசிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் ஒரு வருஷமாகப் பாடுபட்டுச் சேர்த்தது. கொடுக்க மனசு வரவில்லை. கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். பதினாறில் பத்து வாய்ப்பாடாவது காதில் விழட்டும், ஒன்றுமே விழாமல் போவதற்கு அது தேவலை என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"ஏத்தா வஞ்சி, ஊருக்காக ஒரு காரியம் செய்வியா?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இளவஞ்சி அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

மறுநாள் பள்ளி வராந்தாவில் கொடுக்கல் வாங்கல் தொடங்கியது. பாலுச்சாமியின் இடது காதில் பஞ்சு அடைத்தார்கள். வலது காதில் போவது அந்தப் பக்கமாக வெளியேறிவிடக் கூடாது. இளவஞ்சி அவன் வலது காதருகே உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு வாய்ப்பாடு வீதம் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டினாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஒருவனுக்கு மட்டும் பாடம் சொன்னதாலோ என்னவோ, பயலுக்கு எல்லாம் மளமளவென்று ஏறியது. ஊர்க்காரர்களோ பஞ்சுதான் காரணம் என்று முடிவு செய்து, பெரியவர்கள்கூட ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து மடியில் முடிந்துகொண்டார்கள்.

கொடுத்தாயிற்று. ஆனால் கொடுத்தது இளவஞ்சியிடமும் அப்படியே இருந்தது! நெல்லாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மறக்கடிக்கும் பொறுப்பு தவசிமுத்துவின் தலையில் விழுந்தது. அவரும் காலையும் மாலையும் மகளை உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

"இங்க பாரு, பதினோரு ரெண்டு இருவத்திரெண்டுங்கிறதை மறந்திரணும். பதினோரு மூணு முப்பத்திமூணு, அதையும் நெனைக்கப்படாது."

எதையெதை மறக்க வேண்டும் என்று அவருக்கே ஞாபகம் இருக்காதே? அதற்காக ஆறு வாய்ப்பாட்டையும் கடைச் சுவரில் கரியால் எழுதி, மேலே 'மறக்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டிருந்தார். காற்றடிக்க வந்தவர்கள் எல்லாம் அதை வாசித்தார்கள். இளவஞ்சி எங்கே நின்றாலும், "ஏத்தா, பன்னெண்டு ஏழு எம்பத்திநாலை மறந்துட்டியா?" என்று அக்கறையோடு விசாரித்தார்கள். இரண்டே நாளில் ஊரே பதினாறு வரைக்கும் மனப்பாடம். தவசிமுத்துவும்தான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மாரநாடு பரிசோதிக்க வந்தார்.

"பதிமூணாறு எவ்வளவுத்தா?"

இளவஞ்சி நல்ல பிள்ளை. "மறந்துட்டேன் தாத்தா."

"மறந்தது எது?"

"எழுவத்தெட்டு."

மாரநாடு சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சரியாத்தான் மறந்திருக்கா. பெயில் போட முடியாது."

விடிந்தது. ஜெசிந்தா டீச்சரும் அதிகாரியம்மாவும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டீச்சர் முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு கறுப்பு ஆடு வந்து அவர் புடவையில் உரசியது. டீச்சரால் அதன் பிறகு எதையும் பார்க்க முடியவில்லை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். குழுவினர் சன்னலில் வரிசையாகத் தொங்கினார்கள்.

"தம்பி, ஏழெட்டு எவ்வளவு?"

பாலுச்சாமி எழுந்து கையைக் கட்டினான். "அது எங்கிட்ட இல்ல மேடம். பதினாலெட்டு இருக்கு, நூத்திப் பன்னெண்டு. வேணுமா?"

அதிகாரியம்மா திகைத்தார். "எனக்கு ஏழெட்டுதானப்பா வேணும்."

பாலுச்சாமி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "அப்ப இதுல பாதியை எடுத்துக்கங்க மேடம். அம்பத்தாறு."

அதிகாரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒன்பதாறு?"

"அதுவும் எங்கிட்ட இல்ல. பதிமூணாறு எழுவத்தெட்டு. அதுல நாலாறு இருவத்திநாலு போயிருச்சுன்னா ஒம்பதாறுதான் மிச்சம் நிக்கும். அம்பத்திநாலு."

"பத்தேழு?"

"பதினாலேழு தொண்ணூத்தெட்டு மேடம். நாலேழு இருவத்தெட்டைக் கழிச்சா எழுவது."

"ஏம்ப்பா, ஏழுக்குப் பின்னாடி ஒரு பூஜ்யம் போட்டாப் போதாதா?"

"பூஜ்யமெல்லாம் வஞ்சிகிட்ட இருக்கு மேடம்."

அதிகாரியம்மா அவனைத் தட்டிக் கொடுத்த தட்டில், இடது காதிலிருந்த பஞ்சு தெறித்து விழுந்தது. சன்னலில் "ஐயையோ!" என்று ஒரு குரல் எழுந்தது, ஒய்யம்மாள்தான். பிறகு இளவஞ்சியின் முறை. பத்து வரை கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று சொன்னாள். "பதினொண்ணுக்கு மேல தெரியுமாம்மா?" என்று கேட்டதும் சன்னல் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்பா உள்ளுக்குள் உடைந்துபோனார். கொஞ்ச நேரத்தில் அடக்க மாட்டாமல், சன்னல் வழியாகவே நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். மரக்கால், பஞ்சு, சுவர், கரி ஒன்று விடவில்லை.

அதிகாரியம்மா இருமினார். கொஞ்ச நேரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வெளியே வந்தார்.

"ஐயா, பத்தாம் வாய்ப்பாடுங்கிறது எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அதுக்குக் கீழ நின்னுரக் கூடாதுன்னு வச்சது. அதுக்கு மேல நூறு வரைக்கும் போனாலும் சந்தோசம்தான். நடத்துறதும் உங்க இஷ்டம்தான். மரமும் ஆடும் எதுக்கு ஒண்ணுபோல இருக்கணும்? உங்க பள்ளிக்கூடம் தேறிருச்சு. இங்கயேதான் இருக்கும். சுவரை மட்டும் கட்டிருங்க."

தவசிமுத்து அங்கேயே ஒரு குதி குதித்தார். பள்ளிக்கூடம் தங்கிவிட்டது! மகள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்! அதிகாரியம்மாவின் பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் அவர் டீக்கடைக்கு ஓடினார்.

"தங்கச்சி, எம்மக வாய்ப்பாடு ஆறையும் குடுத்திரு!"

"குடுத்துட்டா எம்பயலுக்கு மறுபடியும் நாலுதானே அண்ணே? பள்ளிக்கூடம் படுத்திராது?"

நியாயமான கேள்வி. மாரநாடு இரண்டு டீ குடித்து முடிக்கும் வரை யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "ஒத்தைப்படைத் தேதியில வஞ்சி வச்சுக்கிறட்டும். ரெட்டைப்படைத் தேதியில பாலு வச்சுக்கிறட்டும்."

மறுநாள் ஒற்றைப்படைத் தேதி. தவசிமுத்து விடியற்காலையிலேயே குளித்து, மகளைச் சைக்கிள் கடை வாசலில் உட்கார வைத்தார். பாலுச்சாமி டீக்கடையிலிருந்து ஓடி வந்து, இளவஞ்சியின் காதில் ஆறு வாய்ப்பாட்டையும் ஒப்பித்தான். தவசிமுத்து சுவரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினைந்தாம் வாய்ப்பாட்டில் பயல் எட்டுக்கு அடுத்து நேரே பத்துக்குத் தாவினான்.

"நில்லுடா! பதினஞ்சொம்பது எங்க?"

பாலுச்சாமி யோசித்தான். சட்டைப் பையைத் தடவினான். "எங்க கடையிலேருந்து கிளம்புறப்ப இருந்துச்சு மாமா. ஓடி வர்ற வழியில விழுந்திருச்சு போல."

ஊமத்தம்பட்டி கூடிவிட்டது. டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே இருந்த இருநூறு அடி சாலையில், ஊர் முழுக்கக் குனிந்து தேடியது. இளவஞ்சி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "தேடுற இடத்துல பேசாதத்தா" என்று அடக்கிவிட்டார்கள். அந்த வழியே மொபெட்டில் வந்த வெளியூர்ப் பாத்திர வியாபாரி ஒருவர், போக வழியில்லாமல் வண்டியை நிறுத்தினார்.

"என்னங்க தொலைஞ்சிருச்சு?"

"பதினஞ்சொம்பது நூத்தி முப்பத்தஞ்சு. வர்ற வழியில எங்கயாச்சும் பார்த்தீகளா?" என்றார் தவசிமுத்து, நிமிராமலே.

வியாபாரி சிரித்தார். "பதினஞ்சொம்பது நூத்தி முப்பத்தஞ்சா? அது எனக்கே தெரியுமே!"

தேடிக்கொண்டிருந்த அத்தனை முதுகும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது.

"இந்தா, இந்தாளு கையில இருக்கு!" என்று கத்தினாள் ஒய்யம்மாள். நாலு பேர் மொபெட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாரநாடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அவசரப்படாதீக. பாவம், யாரு பொருள்னு தெரியாம எடுத்திருப்பாரு. ஐயா, அது பச்சப்புள்ள பொருளு. அந்தா உக்காந்திருக்கு பாருங்க. காதுல சொல்லிட்டுப் போயிருங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

வியாபாரி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். இறங்கி வந்து, இளவஞ்சியின் காதருகே குனிந்து, பதினஞ்சொம்பது நூற்றி முப்பத்தைந்து என்று பயபக்தியோடு சொன்னார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நேர்மையான மனுசன் உண்டா என்று வாயாரப் புகழ்ந்து, வழிவிட்டு அனுப்பியது. தவசிமுத்து அவருக்கு ஓசியில் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

வியாபாரி கிடுகிடுவென்று வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கு என்னமோ போல இருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, முன்னும் பின்னும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பதினைந்தாம் வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எட்டு வரைக்கும் சரியாக வந்தது. அடுத்ததைச் சொல்லத்தான் பயமாக இருந்தது.